காதுக்கு மட்டும் கரண்ட்

போன வருடம் வைகாசிச் சடங்கில், என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசினேன் என்று நான் நம்பிய 11 நிமிடங்களை ஒரு சீவனும் கேட்கவில்லை. மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கம் ஒரு கண்ணகி அம்மன் கோயில். எந்தக் கோயில் என்பது வேண்டாம், குற்றம் கோயிலுடையதும் இல்லை. அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்தி இரவு. இணையத்தில் நேரலை போய்க்கொண்டிருந்தது. நான் வீதியோரத்துக் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்து நேர்முக வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஜெனரேட்டரை இழுத்தார்கள், வெளிச்சம் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் நம்முடைய வயலோரத்தில் எப்படிக் குளிர்ந்தாள் என்று, எழுதி வைக்காத வார்த்தைகளெல்லாம் தானாக வந்து விழுந்தன. ஹெட்போனில் என் குரல் கணீரென்று கேட்டது. உடுக்கை கேட்டது, பெண்கள் போட்ட குரவை கேட்டது. எல்லாம் முடிந்து போனை எடுத்தால், கட்டாரில் இருக்கும் தங்கச்சியின் வாட்ஸப்: "அண்ணா, கரண்ட் வந்ததுக்குப் புறகு ஏன் பேசல்ல? ஆனா வடிவா இருந்திச்சு. கோயிலுக்குள்ள நிண்ட மாதிரி."

இதில் முதல் வாக்கியம் சுட்டதா, இரண்டாவது சுட்டதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவதைப் பிறகு பார்ப்போம். முதலாவதுதான் மாதக்கணக்கில் தூங்கவிடவில்லை. குரல் வெளியே போகவில்லை என்றால் என் காதில் கேட்டது யாருடைய குரல்?

விசயம் என்னவோ சின்னதுதான். கரண்ட் போனபோது, எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து நேரலைக்கு அனுப்பும் மிக்சர் அணைந்து, திரும்ப எழும்பும்போது மாலையில் நாங்கள் கடைசியாகச் சேமித்து வைத்த நிலைக்குப் போய்விட்டது. மாலையில் நான் இன்னும் கொட்டிலுக்கு வந்திருக்கவில்லை, என் சனல் மியூட்டில் இருந்தது. கோயில் மைக்குகள் திறந்திருந்தன. மிக்சரில் இருந்த பொடியன் ஜெனரேட்டர் பக்கம் ஓடியிருந்தான். அவனையும் குறை சொல்ல மாட்டேன், அங்கே ஓட வேறு ஆள் இல்லை.

## என் பெட்டி

நான் பகலில் படிப்பிக்கிறவன், விடுமுறையில் மைக் பிடிக்கிறவன். தொடக்கம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகள். மைதானத்தில் அறிவிப்புச் செய்த எவருக்கும் தெரியும், தூரத்து மரத்தில் கட்டிய ஹோர்னில் இருந்து நம் குரல் திரும்பி வந்து நாக்கைப் பிடித்து இழுக்கும். சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீட்டர் அளவில் ஓடும். ஹோர்ன் 70 மீட்டரில் இருந்தால், நீங்கள் சொன்னது ஐந்திலொரு செக்கன் பிந்தி உங்கள் காதுக்கு வரும். மனிதப் பேச்சைக் குழப்ப அதைவிடப் பொருத்தமான தாமதம் கிடையாது. '100 மீட்டர் ஓட்டம்' என்று தொடங்கி 'ஓட்டம்... ஓட்டம்' என்று நானே தடுமாறி, பிள்ளைகள் சிரித்த நாட்கள் உண்டு. அதனால்தான் ஹெட்போன் போடத் தொடங்கினேன். வெளிச்சத்தம் அடைபட வேண்டும், என் குரல் தாமதமில்லாமல் காதுக்கு வர வேண்டும்.

பெரிய ஒளிபரப்புகளில் அறிவிப்பாளருக்கென்றே மேசையில் ஒரு பெட்டி வைப்பார்கள். மைக் அதில் செருகப்படும், ஹெட்போனும் அதில்தான். பேசும்போது எரிகிற விளக்கு ஒன்று, இருமல் வந்தால் அழுத்தி மைக்கை மூடிக்கொள்ள ஒரு சுவிட்ச், கட்டுப்பாட்டு அறையோடு மட்டும் பேச இன்னொரு சுவிட்ச். விலையைக் கேட்டால் நம்முடைய சடங்குச் செலவே முடிந்துவிடும். ஆகவே நானே ஒன்று கட்டினேன். உள்ளே மைக்கைப் பெருக்க ஒரு சின்னப் பலகை, மைக்குக்கு 48 வோல்ட், ஹெட்போனுக்கு ஒரு அம்பிளிபயர், முன்னால் இருமல் சுவிட்ச். பின்னால் மிக்சருக்குப் போக எக்ஸ்.எல்.ஆர் என்கிற மூன்று ஊசி மைக் பிளக் ஒன்று, மிக்சரிலிருந்து கோயில் சத்தம் திரும்பி வர இன்னொன்று.

எக்ஸ்.எல்.ஆர் மூன்று ஊசிகளில் ஒன்று நிலம், மற்ற இரண்டிலும் ஒரே குரல், நேராகவும் தலைகீழாகவும். வழியில் லைட் வயரிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், குரல் இரட்டிப்பாகும். இதனால்தான் அலங்கார லைட் வயரோடு சேர்ந்தே 60 மீட்டர் ஓடினாலும் நம் குரல் சுத்தமாகப் போய்ச் சேருகிறது. முதல் தடவை ஈயத்தால் பற்று வைத்தபோது இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும் பெட்டிக்குள் மாற்றிவிட்டேன். ஹெட்போனில் என் குரல் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல உள்ளீடற்றுக் கேட்டது. எலும்பு வழியாகக் காதுக்கு வரும் குரலும் ஹெட்போன் குரலும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. அதற்கு மேல் கல்லடிப் பக்கத்து உப்புக்காற்று, ஆறு மாதத்தில் பிளக்கெல்லாம் பச்சை பிடித்துவிடும்.

## நோர்வேயின் அவசர விளக்கு

48 வோல்ட் என்றேன். ஏன் 48? 50 இல்லை, 12 இல்லை. இதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1966இல் ஜேர்மனியின் நொய்மன் கம்பனி, டிரான்சிஸ்டர் வைத்த புதிய மைக் ஒன்றை நோர்வே ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் காட்டியது. மைக்குக்குத் தனியாக ஒரு கரண்ட் பெட்டியைச் சுமக்க முடியாது, குரல் போகும் அதே வயரிலேயே கரண்டையும் அனுப்புங்கள் என்றார்கள் நோர்வேக்காரர்கள். அவர்களுடைய கலையகங்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். அது அப்படியே உலகத் தரமாகிவிட்டது. நோர்வே என்றதும் நம்மவர்களுக்கு 2002உம் சமாதானப் பேச்சும்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது அந்த அவசர விளக்குத்தான் ஞாபகம் வருகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு அவசர விளக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மைக்கின் உயிர் மறுமுனையில் இருக்கிறது. மிக்சர் செத்தால் மைக்கும் சாகும். பேசுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். நான் கட்டிய பெட்டி இந்த நல்ல குணத்தை இல்லாமல் செய்துவிட்டது. 48 வோல்ட்டை நானே என் மேசையில் உண்டாக்கிக் கொடுத்தேன்.

அதுவும் சும்மா செய்யவில்லை, அனுபவப்பட்டுத்தான் செய்தேன். கோயில்களில் ஜெனரேட்டரைச் சத்தத்துக்காகத் தூரத்தில் வைப்பார்கள். அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்று மரத்துக்கு மரம் தொங்கி வரும். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 100 மீட்டர் என்றால், போக வர 200 மீட்டர், ஏறக்குறைய மூன்றரை ஓம். அலங்கார லைட், ஃபேன், அம்பிளிபயர் என்று 10 அம்பியர் இழுத்தால் வழியிலேயே 35 வோல்ட் போய்விடும். 230 புறப்பட்டு 195தான் கொட்டிலுக்கு வரும். 100 முதல் 240 வரை என்று எழுதிய அடப்டர்கள் அதைக் கண்டுகொள்ளாது. என் பெட்டிக்குள் இருந்ததோ பழைய டிரான்ஸ்பார்மர். குரலோடு சேர்ந்து இரையத் தொடங்கும். பிளக்கில் இருக்கும் எர்த் காலை முறித்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று புத்தி சொல்ல ஒவ்வொரு கோயிலிலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். ஈர மணலில் செருப்பில்லாமல் நின்று உலோக மைக் பிடிக்கிறவனுக்கு அந்தக் கால்தான் காவல்.

சரி, கடன்பட்டு ஒரு சின்ன யூ.பி.எஸ் வாங்கி என் மேசைக்குக் கீழே வைத்தேன். கரண்ட் போனால் அது பீப் பீப் என்று கத்தும், அது மைக்கில் விழும். கழற்றி அந்தப் பீப்பரையும் வெட்டி எடுத்தேன். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. இனி ஊரே இருண்டாலும் என் பெட்டி எரியும்.

## காக்காவின் கையில் இருந்த பிளக்

சடங்கு முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அங்கே ஒரு காக்கா இருக்கிறார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்பிளிபயர் திருத்துகிறவர். கடை ஒரு ஆள் இருக்க மட்டும் காணும், இரண்டாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். பெட்டியில் ஏதோ பிழை இருக்கிறது, பாருங்கள் என்று கொடுத்தேன். திறந்து பார்த்தார், பற்று வைத்ததைப் பாராட்டினார். (எனக்கு அது போதும், அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம்.) மறுகா கடையில் இருந்த மிக்சர் ஒன்றோடு இணைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார்.

"பேசுங்க தம்பி. நிப்பாட்டாம பேசுங்க."

பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வைகாசிச் சடங்கு, கல்யாணக்கால், குளிர்த்தி என்று பழைய பாட்டையே எடுத்துவிட்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ குடைந்துகொண்டிருந்தார்.

"கேக்குதா?"

"ஓம் காக்கா."

"இப்ப?"

"ஓம்."

"இப்ப எப்பிடி?"

"நல்லாக் கேக்குது."

திரும்பினார். மிக்சருக்குப் போகிற எக்ஸ்.எல்.ஆர் பிளக் அவருடைய விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது ஒரு நிமிசமா என்ட கையில கெடக்கு" என்றார்.

அந்தக் கடை வாசலில் நான் நின்ற நிலை இருக்கிறதே. குளிர்த்தி இரவில் என்ன நடந்தது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். மியூட், சேமித்த நிலை, எல்லாம் தெரியும். ஆனால் அது ஏன் எனக்குத் தெரியாமல் நடந்தது என்பது அந்தப் பிளக்கைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. என் காதில் கேட்ட குரல் ஒரு சாண் தூரம்தான் போய் வந்திருந்தது. மைக்கிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காதுக்கு. மிக்சரிலிருந்து திரும்பி வருவது என் குரலைக் கழித்த மற்றச் சத்தம் மட்டும். குரல் இரண்டு தடவை கேட்கக்கூடாதென்று நானே அப்படிக் கேட்டு வாங்கியது. இரண்டும் காதில் கலக்கும்போது, முழு நேரலையையும் கேட்பது போல் இருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்ததோ உலகத்தில் வேறு எவரும் கேட்காத ஒரு கலவை.

விட்டுக்கொடுக்க மனமில்லை. "எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் காக்கா, டெலிபோனில்கூட நம்ம குரல் நமக்குக் கொஞ்சம் கேட்கத்தானே செய்யும்" என்றேன். அது உண்மைதான். பழைய டெலிபோனில் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் மனிதர்கள் கத்துவார்கள்.

"டெலிபோன்ல மத்தப் பக்கம் ஒரு ஆள் ஹலோ சொல்லும். ஒங்களுக்கு ஆரு ஹலோ சொல்ற?" என்றார். கொஞ்சம் பொறுத்து, யூ.பி.எஸ் விசயத்தையும் கேட்டுவிட்டு, "ஒங்கட காதுக்கு மட்டும் கரண்ட் குடுத்திருக்கீங்க தம்பி" என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்து 195 என்று வாசிப்பது போலச் சொன்னார்.

## ஒரே வயர்

தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிற குழுவில் வேலை. அவரிடம் சொன்னபோது, தாங்கள் வைக்கிற அறிவிப்பாளர் பெட்டிகளுக்குக் கரண்ட் பிளக்கே கிடையாது என்றார். ஒரே ஒரு கம்பியூட்டர் நெட்வேர்க் வயர்தான் வரும். குரல் அதில் டான்டே என்ற முறையில் இலக்கங்களாகப் போகும், அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று உண்டாக்கியது. கரண்டும் அதே வயரில், நெட்வேர்க் வயர்களையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியிலிருந்து வரும். 2003இல் வந்த தரத்தின்படி சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கும். 100 மீட்டர் ஓடி வந்த பிறகும் பெட்டிக்கு 12.95 வாட் உறுதி. அதற்குள்ளும் ஓடுவது 48 வோல்ட்டைச் சுற்றித்தான் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நோர்வேக்காரர் அங்கேயும் வந்து நிற்கிறார் போல. ஒரு வித்தியாசம், இந்தச் சுவிட்ச் கண்ட கண்ட சாமானுக்கெல்லாம் கரண்டைக் கொடுக்காது. முதலில் மெல்லத் தொட்டு, மறுமுனையில் 25 கிலோ ஓம் தடை ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் கதவைத் திறக்கும். மைக்குக்குப் போகும் 48 வோல்ட் அப்படி யாரென்று கேட்பதில்லை.

எனக்கு அதில் பிடித்தது புதுமை இல்லை. அங்கே சுவிட்ச் செத்தால் பெட்டியின் விளக்கும் அணையும். பேசுகிறவன் ஏமாற வழியில்லை.

அதை வாங்க நமக்கு வசதி இல்லை. காக்கா தன்னுடைய வழியில் ஒன்று செய்தார். 60 மீட்டர் பழைய நெட்வேர்க் வயர். உள்ளே நான்கு சோடி. ஒரு சோடியில் என் குரல் போகும், ஒன்றில் திரும்பி வரும். மிச்ச இரண்டு சோடியில், மிக்சர் செருகியிருக்கும் அதே மல்டி பிளக்கிலிருந்து ஒரு அடப்டர் 24 வோல்ட் அனுப்பும். பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றி எறிந்தார். யாராவது தவறி இதைக் கம்பியூட்டரில் செருகிவிடக் கூடாதென்று இரண்டு முனைக்கும் சிவப்பு நெயில் பொலிஷ் பூசினார், அவருடைய மகளுடையது. பெட்டிக்குள் என் குரலை நேரே ஹெட்போனுக்குக் கொண்டுபோன சின்ன வயரை வெட்டினார். இனி என் குரல் 60 மீட்டர் ஓடி, மிக்சருக்குள் புகுந்து, நேரலைக்குப் போகும் கடைசி வாசலில் தொட்டுத்தான் எனக்குத் திரும்பி வர வேண்டும். மிக்சருக்குள் சில மில்லிசெக்கன் பிந்தும், அது மைதானத்து ஹோர்ன் மாதிரி நாக்கைப் பிடிக்காது. யூ.பி.எஸ்ஸை மிக்சருக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம். நேரலையை நான் போனில் கேட்க முடியாது, அது அரை நிமிடம் பிந்தி வரும். அதற்கு மருமகனைப் போட்டேன், அக்காவின் மகன். எதிரே நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தம் போகிறதென்றால் கட்டைவிரல், போகவில்லையென்றால் கையை ஆட்ட வேண்டும்.

முதல் நாள் பரீட்சித்தபோது காதில் ஒரு வெறுமை இருந்தது உண்மை. முன்பு என் குரல் பக்கத்திலேயே, நெய் பூசினது போல் இருக்கும். இப்போது அது எங்கோ போய்விட்டு வந்த குரல். மற்றச் சத்தங்களோடு ஒன்றாக, அவற்றின் அளவில் கேட்டது. உடுக்கைக்கு மேலே நான் எவ்வளவு உரக்கப் பேசுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கச்சி சொன்ன இரண்டாவது வாக்கியம் மறுபடி வந்து குத்தியது.

இந்த வருடம் அதே கோயில், அதே கொட்டில். குளிர்த்திக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. யூ.பி.எஸ் தாங்கியது, நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஜெனரேட்டர் எழும்பவில்லை, இழுக்கிறார்கள், இருமுகிறது, நிற்கிறது. நாலு நிமிடம் போயிருக்கும், ஒரு வாக்கியத்தின் நடுவில் பெட்டியின் விளக்கு அணைந்து காது அடைத்துப் போனது. நிறுத்தினேன். மருமகன் கையைத் தேடினேன், இருட்டில் அவனுடைய போன் வெளிச்சம் அப்படியும் இப்படியும் ஆடியது. ஹெட்போனைக் கழற்றினேன். தீப்பந்த வெளிச்சத்தில் பூசை செய்யும் கட்டாடியார் நின்றார், குரவை எழும்பியது. யாரோ ஒரு அம்மா வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மற்ற வருடங்களில் அது ஆறி, ஈ விழுந்து கிடக்கும்.

ஜெனரேட்டர் பிடித்தது. விளக்கு எரிந்தது, ஹெட்போனில் கோயில் கேட்டது. இம்முறை மிக்சரை என் சனல் திறந்த நிலையில் சேமித்திருந்தோம். தொண்டையைச் செருமினேன், அது 60 மீட்டர் போய் வந்து என் காதில் கேட்டது. மருமகன் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றான், பேசுங்க மாமா என்று தலையையும் ஆட்டினான். குரவை இன்னும் ஓயவில்லை. இருமல் சுவிட்சை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.